அக்காவின் ரத்தம், என் நாக்கு

என் உடம்பில் ஓடுவது என் ரத்தம் இல்லை. என் அக்கா சாந்தாவின் ரத்தம். மலைமேல் இருக்கும் கியா பார்ம் சந்தையில் நான் நிற்கும் காய்கறிக் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், மழைக்கு ஒதுங்கியவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். பேய்க்கதை விடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இது பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கிற சங்கதி. பிறந்தபோது நான் ஏ வகை. இப்போது அக்காவைப் போல ஓ வகை.

ரத்தம் மாறிவிட்டது, வாய் மாறவில்லை. இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏறப் பல வருஷம் பிடித்தது. என்னைப் போன்ற உடம்புக்காரர்கள் வேறெங்காவது இருந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது மழைக்காலம். சுற்றுலாக்காரர்கள் குறைவு. எங்கள் தவுக்கே அம்மா, அதாவது கடையின் சீன முதலாளியம்மா, கல்லாவில் சாய்ந்து தூங்குகிறார். மேகம் இறங்கி ஸ்ட்ராபெரிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டது, எதிர்க் கடை தெரியவில்லை. எழுதுவதற்கு வசதியான நேரம்.

என் பெயர் கோமதி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தேன், அப்பா அம்மா போன பிறகு இன்னும் அங்கேதான் அக்கா குடும்பத்தோடு இருக்கிறேன். பிறக்கும்போதே சின்னதாகப் பிறந்தவள், அப்புறமும் பெரிதாக வளரவில்லை. வலது கை கட்டைவிரல் பிஞ்சு மிளகாய் மாதிரி வளைந்து அப்படியே நின்றுவிட்டது. தோலில் அங்கங்கே காப்பி சிந்திய மாதிரி கறை. இதெல்லாம் ஒரு நோயின் அடையாளம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கட்டைவிரல் உதவாமல் கொழுந்து கிள்ள முடியாது, கொழுந்து வெட்டும் கத்திரி மெஷினையும் பிடிக்க முடியாது. அப்பா என்னைப் பார்த்து, உனக்குக் கை இல்லாட்டி என்ன, ஊருக்கே போதுமான வாய் இருக்கிறதே என்று சிரிப்பார். அவர் சொன்னபடியே ஆயிற்று. படிப்பு முடிந்ததும் கியா பார்மில் கடை வேலைக்குப் போனேன். மலாயில் கூப்பிட்டு, தமிழில் பேரம் பேசி, அரைகுறைச் சீனத்தில் நன்றி சொல்லி, போகிற ஆளை நிறுத்தி அரைப் பெட்டித் தக்காளி தலையில் கட்டுவேன். தோட்டத்தில் எனக்கு வாயாடி என்றே பெயர். அக்கா ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது வாயை மூடச் சொல்வாள்.

இருபது வயதைத் தாண்டியதும் உடம்பு காரணமில்லாமல் கன்றிப்போக ஆரம்பித்தது. கதவில் லேசாக இடித்தால்கூட நீலம் பாய்ந்துவிடும். பல் துலக்கினால் ரத்தம். கடையிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். ஒருநாள் மக்காச்சோளக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தேயிலை லோரி ஓட்டுகிறார். அந்த லோரியிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து ஈப்போ. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர்.

கோலாலம்பூரில் ஒரு டாக்டரம்மா என் கட்டைவிரலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, உன் அப்பா அம்மா சொந்தக்காரர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்பா தன் சொந்த அக்கா மகளைத்தான் கட்டினார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான சம்பந்தம் இல்லை, பெண் வெளியே போகாது, சண்டை வந்தாலும் வீட்டுக்குள்ளேயே முடியும். டாக்டரம்மா அதற்காக முகம் சுளிக்கவில்லை. ஒரு தாளில் இரண்டு பொம்மை வரைந்து விளக்கினார். அப்பாவிடம் ஒரு மரபணுவின் பழுதான பிரதி இருந்திருக்கிறது, அம்மாவிடமும் அதே பழுது. இருவருக்கும் நல்ல பிரதி ஒன்றும் கூடவே இருந்ததால் நோய் வரவில்லை. எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் பழுதானதே வந்துவிட்டது.

நோயின் பெயர் ஃபான்கோனி ரத்தசோகை. எல்லோருடைய உடம்பிலும் உயிரணுக்கள் தினமும் அடிபடுகின்றன, உடம்பு தானே தைத்துச் சரிசெய்துகொள்கிறது. என் உடம்பில் அந்தத் தையல் வேலை நடக்காது. ரத்தம் ஊறுகிற இடம் எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜை. அது ஓயாமல் வேலை செய்கிற இடம் என்பதால் அதுதான் முதலில் சோர்ந்து படுத்துவிடுகிறது. வேறொருவர் மஜ்ஜையை எடுத்து ஏற்றினால்தான் வழி.

அக்காவைச் சோதித்தார்கள். அவளுக்கு நோய் இல்லை, மஜ்ஜையும் பொருந்தியது. மாமா அந்நியத்தில் வந்தவர், அதனால் அவள் பிள்ளைகளைப் பற்றியும் பெரிதாகக் கவலை வேண்டாம் என்றார்கள். அக்கா கேட்டது ஒரே கேள்விதான். எடுத்தால் திரும்ப ஊறுமா என்று கேட்டாள். ஊறும் என்றதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, எப்போது வரணும் என்றாள்.

மஜ்ஜை மாற்றுவது என்றால் எலும்பை அறுத்துப் பூட்டுவார்கள் என்று நான் பயந்துகிடந்தேன். கடைசியில் அது ஒரு பை. கருஞ்சிவப்பாக, தூக்கித் தொங்கவிட்ட ஒரு பை. அது சொட்டுச்சொட்டாக எனக்குள் இறங்கியதைப் படுத்துக்கொண்டே பார்த்தேன். அந்த அறையில் பகலும் இல்லை, இரவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே அக்கா உட்கார்ந்திருப்பாள், போனில் பேசுவாள், கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மட்டும் இருக்கும், முகம் மங்கிவிடும். ஜன்னலே இல்லாத அறைக்குள் எங்கள் ஊர் மேகம் வந்துவிட்டது என்று நம்பினேன். கால்மாட்டில் தேயிலைச் செடிகள் வரிசையாக நின்றன, அக்கா கூடையோடு அதில் போய்க்கொண்டிருந்தாள். நர்ஸ் மிஸி வந்து போர்வையைச் சரிசெய்தால் செடி நனைந்துவிடப் போகிறது என்று சொல்வேனாம்.

அந்த நாட்களில்தான் அக்கா தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். நான் உயிரோடு மலையேறி வந்தால், என் நாக்கில் அலகு போட்டு, அதாவது சின்ன வெள்ளி வேல் குத்தி, திருவிழாவில் நிறுத்துவதாக வேண்டுதல். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"வேண்டிக்கிட்டது நீ, குத்திக்கிறது நானா?" என்றேன்.

"உன் நாக்குதானே லா தோட்டத்துக்கே தெரிஞ்ச நாக்கு. என் நாக்க நீட்டுனா அம்மனுக்கு அடையாளமா தெரியப்போவுது?" என்றாள்.

கோலாலம்பூரிலிருந்து கிளம்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். ரத்தம் இனி அக்காவுடையது, அது நன்றாக இருக்கும். ஆனால் வாய், தொண்டை, தோல், பெண்ணுறுப்பு எல்லாம் பழைய கோமதிதான், அங்கே தையல் வேலை இன்னும் நடக்காது. அந்த இடங்களில் புற்றுநோய் மற்றவர்களுக்கு வருவதைவிட எனக்கு வெகு சீக்கிரம் வரலாம், மஜ்ஜை மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது விஷயம் தெரிந்தவர் வாயைத் திறந்து முழுதாகப் பார்க்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை பெண்களுக்கான பரிசோதனை. வெற்றிலை பாக்கு, சிகரெட், மது எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். சிம்பாங் பூலாயில் மலையேற ஆரம்பித்து, காது அடைத்து, குளிர்காற்று முகத்தில் பட்டபோது எங்கள் இருவரின் மனசிலும் மிஞ்சியிருந்தது ஒரே வார்த்தைதான். சரியாயிடுச்சு.

சில வருஷம் ஒழுங்காகப் போய்வந்தோம். பிறகு உலகமே முடங்கிய கிருமிக் காலம் வந்தது, ரோடு மூடினார்கள். திறந்த பிறகு யாரும் கூப்பிடவில்லை, நாங்களும் கீழே இறங்கவில்லை. கன்னம் உப்பி, நிறம் வந்து, கடையில் நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறவளை ஆஸ்பத்திரிக்கு இழுப்பானேன்?

தடையெல்லாம் நீங்கி முதல் திருவிழா வந்ததும், உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டுவந்த வேண்டுதலை முடித்தோம். விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, உறுமி அடிக்க அடிக்க நின்றதும் எனக்கு எல்லாம் தூரமாகப் போய்விட்டது. மேகம் கோயில் கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. பூசாரி நாக்கை இழுத்துத் திருநீறு பூசியது தெரிந்தது. வேல் இறங்கியது தெரியவில்லை. அக்கா பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்திருந்தாள். மாமா போனில் படம் எடுத்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை என்று தோட்டமே பேசியது. வழக்கமாக அலகு எடுத்து மூன்று நாளில் இடம் தெரியாமல் ஆறிவிடும். எனக்கும் ஆறியது.

கொஞ்ச நாள் கழித்து, ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா என் வாயை உற்றுப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். வெள்ளையாக ஒரு புள்ளி, அரிசி அளவில். அவள் கண் கலங்கிவிட்டது. அம்மன் என் நாக்கில் அடையாளம் வைத்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாளே லயத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் நாக்கை நீட்டினேன். எத்தனையோ பேர் அலகு போடுகிறார்கள், அம்மன் எனக்கு மட்டும் குறி வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சம்பல் பட்டால் அந்த இடம் எரியும். குறி வைத்த அம்மனுக்குக் காரம் பிடிக்கவில்லை போல என்று சம்பலை விட்டேன். புள்ளி மெல்ல மெல்ல நகக்கண் அளவு ஆனது. அப்போதும் அம்மன் அருள் கூடுகிறது என்றுதான் அக்கா சொன்னாள்.

ஒரு கடைவாய்ப் பல் குடையாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொள்ளத்தான் தானா ராத்தா கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயது மலாய்ப் பெண் டாக்டர். பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, நாக்கில் இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன், இது நோய் இல்லை, சாமிக்கு நேர்ந்துகொண்டு வேல் போட்டது. அவர் சிரிக்கவில்லை. நேர்த்திக்கடன் என்றால் மலாய்க்காரர்களுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு, ஊசி எந்த இடத்தில் இறங்கியது, விரலால் காட்டுங்கள் என்றார்.

நான் நாக்கின் நடுவில் தொட்டேன்.

அவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். உறை போட்ட விரலை வெள்ளையின் மேல் வைத்தார். அது நாக்கின் இடது ஓரத்தில் இருந்தது. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு விரல் அகலம். இத்தனை பேருக்கு நீட்டிக் காட்டினேன், ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண்ணாடியை இன்னும் கிட்டே பிடித்துப் பார்த்தேன்.

முன்பு ஏதாவது பெரிய வியாதி இருந்ததா என்றார். இருந்தது, இப்போது இல்லை என்று சொல்லி நோயின் பெயரையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய் மூத்த டாக்டரைக் கூட்டிவந்தார். பல்லைப் பற்றி யாரும் அப்புறம் பேசவில்லை. நான் நாற்காலியில் இருக்கும்போதே ஈப்போவுக்குப் போன் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஈப்போவே எங்கள் ஊராகிவிட்டது. விடியும் முன்னே மாமாவின் பழைய காரில் இறங்குவோம். வளைவுகளில் நான் அரைத் தூக்கத்தில் கிடப்பேன். குளிர் விட்டு வெயில் ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றுவோம், சமவெளி வந்துவிட்டது என்று அர்த்தம். காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. வாயில் கட்டுப்போட்டவர்கள், கழுத்தில் தழும்பு உள்ளவர்கள், பாக்குப் போட்டுச் சிவந்த பல்லோடு ஒரு கிழவர். அவரை அக்கா முறைத்துக்கொண்டே இருந்தாள். அக்கா தூக்குச்சட்டியில் பருப்புச் சோறும் பிளாஸ்க்கில் தேயிலைத் தண்ணீரும் கொண்டுவருவாள், நன்றாக ஆறவைத்துத்தான் தருவாள், சுடச்சுடக் குடிக்க விடமாட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் எங்களைப் பயமுறுத்தவில்லை. மாமா லோரி எடுக்காத நாளும் அக்கா கொழுந்துக்குப் போகாத நாளும்தான் வீட்டில் இடித்தது. அந்த மாதங்களில் மீன் வாங்கவில்லை, யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. தவுக்கே அம்மா மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு பை காய்கறியை மாமா காரில் வைத்துவிடுவார், கேட்டால் அழுகப் போவது, எடுத்துப் போ என்பார். ஒன்றுகூட அழுகினதில்லை.

முதலில் ஒரு குட்டிப் பிரஷால் அந்த இடத்தைத் தேய்த்து, ஒட்டிக்கொண்ட அணுக்களை எடுத்துப் பார்த்தார்கள். வலி இல்லை, கூச்சம்தான். அதில் சந்தேகம் வந்ததும் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். எக்ஸ்ரே மாதிரியான கதிர் என் உடம்புக்கு ஆகாது, அது செய்யும் சேதத்தையும் தைக்க ஆள் இல்லை. அதனால் காந்தத்தால் படம் பிடிக்கும் மெஷினுக்குள் அனுப்பினார்கள். நீளமான குழாய், அதற்குள் நான். கண்ணை மூடினேன். டக்டக் என்று தொடங்கி, பிறகு உறுமி, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அப்பா வேலை செய்த தேயிலை ஃபேக்டரியில் இலையை உருட்டும் மெஷின் இப்படித்தான் ஓடும். சின்ன வயதில் அங்கே மூட்டைமேல் தூங்கியிருக்கிறேன். குழாய்க்குள் இலை வாசனை வந்தது. அப்பா எங்கோ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. வெளியே இழுத்தபோது திரும்ப உள்ளே போகலாமா என்று கேட்கத் தோன்றியது.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் கடையில் நின்றேன், ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், சாவை நினைத்து எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. ஒருமுறை அதன் வாசல் வரை போய்வந்தவள். நாக்கு இல்லாமல் உயிரோடு இருப்பதை நினைத்துத்தான் நடுங்கினேன். கட்டைவிரல் உதவாதவளுக்கு அப்பா கொடுத்த பிழைப்பே வாய்தான். அதுவும் போனால் நான் யார்? குளிக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு, கத்தரிக்காய், முட்டைக்கோஸ், மலாயில் சோளத்துக்கு ஜாகுங் என்று சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஈப்போ டாக்டர் மெல்லிய குரல் உள்ள சீனர். சுற்றி வளைக்காமல் சொன்னார். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, ஆழமாக இறங்கவில்லை, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போன அடையாளம் இல்லை. மற்றவர்களுக்கு என்றால் கத்தி, அதற்குமேல் கதிர், மருந்து என்று மூன்று ஆயுதம். எனக்குக் கதிரும் அந்த மருந்தும் நோயைவிடக் கொடுமையாகிவிடும். கத்தி ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் என் போன்றவர்களுக்குச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, கத்தியால் மட்டுமே முடிகிற அளவில். இது அந்த அளவுக்குள் இருக்கிறது, ஓரத்தை எடுத்தால் போதும் என்று நம்புகிறேன் என்றார். எவ்வளவு எடுக்க வேண்டிவரும், பேச்சு எப்படி வரும் என்பதை உள்ளே போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அன்றிலிருந்து அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போட்டுக் கொடுப்பாள், தான் சாப்பிடமாட்டாள். வேலைக்குப் போகும் வழியில் கோயில் வாசலில் நின்று அழுகிறாள் என்று மாமா சொல்லித்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு என்னைச் சேர்த்த அன்று வார்டு நடையில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"நான்தான்டி ஒன் நாக்கக் கெடுத்தேன்," என்றாள். "வாய் நல்லா பாத்துக்கணும்னு அந்த டாக்டரம்மா எங்கிட்டதானே சொன்னாங்க. நான் போயி அதுலயே குத்த வச்சேன். ஒனக்கு ரத்தம் குடுத்தேன்னு ஊரு சொல்லுது. விஷமும் நான்தான் குடுத்தேன்."

அப்போது வார்டு மிஸி, பாரிட் புந்தார் பக்கத்துத் தமிழ்ப் பெண், எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவள், அலகு போட்ட அன்று எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டாள். மாமா போனில் தேடி எடுத்தார். டாக்டர் சுற்றுக்கு வந்தபோது மிஸியே அதைக் காட்டினாள். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். திருநீறு பூசிய நாக்கு. நடுவில் வெள்ளி வேல். இடது ஓரத்தில், திருநீறு படாத இடத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி.

வேல் இறங்கிய அன்றே அது அங்கே இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வேலால் வந்ததில்லை. இந்த உடம்புக்கு வாயில் குத்துவது நல்லதில்லை, இனிமேல் வேண்டாம், ஆனால் இந்தக் கட்டிக்கு அது காரணம் இல்லை என்று அக்காவைப் பார்த்தே மலாயில் நிதானமாகச் சொன்னார்.

அக்கா போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். மாறாகப் பொங்கி அழுதாள். அப்போதே இருந்ததா, பக்கத்திலேயே நின்றேனே, அம்மனைப் பார்த்தேன், பூசாரியைப் பார்த்தேன், உன் நாக்கைப் பார்க்கவில்லையே என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் தலை அவள் தோளுக்குத்தான் வரும். எங்களைச் சுற்றி மருந்து வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து ஏறும்போது மேல் விளக்கைச் சுற்றி மேகம் சூழ்ந்தது. நல்ல பிள்ளையாக அதற்குள் நடந்து போனேன். தேயிலை வரிசை ஈரமாக இருந்தது, தூரத்தில் உறுமி கேட்டது, யாரோ என் நாக்கைப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். வலிக்கவே இல்லை.

விழித்தபோது வாய் முழுக்க வேறு யாருடைய வாயோ இருந்தது. வீங்கி, கனத்து, பஞ்சு வைத்து. மூக்கில் குழாய், அதன் வழியே பால். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், சொல்லாவிட்டாலும் பேசியிருக்க முடியாது. எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்கக்கூட வழியில்லை. ஜன்னலில் சுண்ணாம்புக் குன்றுகள் தெரிந்தன, காலையில் நீலம், மத்தியானம் வெள்ளை. அவற்றைப் பார்த்தபடி தூங்கி, விழித்து, மறுபடி தூங்கினேன். எப்போது கண் திறந்தாலும் அக்கா அந்த நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் மாமா வாங்கிவந்த சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

ஒரு மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"வாய மூடு வாய மூடுன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். இப்ப வீடே அடைஞ்சு கெடக்குதுடி. ஏதாச்சும் பேசு. நல்லதா பேசாட்டியும் போவுது, திட்டவாச்சும் செய்யி."

கண்ணைத் திறக்காமலே அழுதேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது, முந்தானையால் என் காதோரம் துடைத்தாள்.

வீக்கம் வடிந்து, குழாயை எடுத்த காலை டாக்டர் வந்தார். எடுத்த துண்டின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, மிச்சம் எதுவும் இல்லை என்று முடிவு வந்திருந்தது. வேறு சிகிச்சை தேவைப்படாது. இனி ஏதாவது சொல்லிப் பாருங்கள் என்றார். மிஸி, அக்கா, மாமா எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என்ன சொல்வது? குளியலறையில் பழகிய கத்தரிக்காயும் முட்டைக்கோஸும் ஞாபகம் வரவில்லை. அக்காவைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பிரிக்காத பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயி சாப்புடு, சனியனே," என்றேன்.

வார்த்தை தடித்து, வழுக்கி, பாதி எச்சிலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. அக்கா பொட்டலத்தை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். அக்காவை மரியாதையாகச் சாப்பிடப் போகச் சொல்கிறார் என்று மிஸி மொழிபெயர்த்தாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்போது மறுபடி கடையில் நிற்கிறேன். பேச்சில் ஒரு குழைவு இருக்கிறது, குடித்துவிட்டுப் பேசுகிறேனா என்று புதியவர்கள் பார்ப்பார்கள். வியாபாரம் குறையவில்லை, இரக்கப்பட்டு ஒரு கட்டு கீரை கூடுதலாகத்தான் வாங்குகிறார்கள், நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இப்போதெல்லாம் ஈப்போவுக்குத் தவறாமல் போகிறேன், முன்பைவிட அடிக்கடி. இன்னொரு இடத்தில் இன்னொரு புள்ளி வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பயம் போகவில்லை, கூடவே உட்கார்ந்து தேயிலை குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் சுத்தம் என்று சொல்லிவிட்டால், திரும்பும் வழியில் மாமா காரை நிறுத்தி எல்லோருக்கும் கடலை வாங்கித் தருவார்.

இந்த வருஷத் திருவிழாவில் அக்கா பால்குடம் மட்டும் எடுத்தாள். நான் ஆபரேஷனில் இருந்தபோது என்ன வேண்டிக்கொண்டாய், இப்போதே சொல்லிவிடு, அடுத்து என் மூக்கா காதா என்று கேட்டேன். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை, அம்மனிடம் சும்மா கேட்டேன், அவ்வளவுதான் என்றாள்.

ஒன்று மட்டும் பழக்கமாகிவிட்டது. டாக்டர்கள் பார்ப்பது போதாதென்று, வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்துக்குக் கிளம்பும் முன் அக்கா டார்ச்சோடு வந்து நிற்பாள். கதவு திறந்திருக்கும், மேகம் வாசற்படி ஏறி உள்ளே வரும், அவள் கையில் நேற்றைய இலையின் வாசனை இருக்கும். நாக்கை நீட்டுவேன். வலது ஓரம், மேலே, அடியில், கன்னத்தின் உள்பக்கம் என்று ஒன்றும் விடாமல் பார்ப்பாள். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் எனக்குச் சலித்துப்போய்விட்டது. உன் ரத்தம் நன்றாகத்தான் ஓடுகிறது, போய் வேலையைப் பார் என்றேன்.

"ரத்தம் எங்கிட்ட நெறைய இருக்குடி, கேட்டா இன்னும் குடுப்பேன்," என்றாள். "இந்த நாக்கு போனா, குடுக்க எங்கிட்ட வேற இல்ல."

சொல்லிவிட்டு என் தாடையைப் பிடித்து, டார்ச்சை இடது பக்கம் திருப்பினாள்.